கடைமடை சேரும் அறிவு

தானங்கள் நான்கு என்பர் ஆன்றோர். உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என்னும் இந்நான்கனுள் முதல் மூன்றும் முறையாக நிறைவேறினவா என்று அறிவது எளிது. பசித்தவர் உண்டாரா, நோயுற்றவர் மருந்து பெற்றாரா, அஞ்சியவர் அச்சம் நீங்கினாரா என்று கண்ணாலேயே கண்டுவிடலாம். அறிவைத் தருகின்ற நான்காம் தானத்தில் அத்தகைய தெளிவு இல்லை. ஏட்டைக் கையில் கொடுத்தவுடன் அறிவைக் கொடுத்ததாகிவிடுமா? பள்ளிக்குக் கட்டடம் எழுப்பியவுடன் கல்வி தந்ததாகிவிடுமா? இப்பழைய வினா இன்று புதியதொரு வடிவில் நம்முன் நிற்கிறது. தொலைவிலுள்ள சிற்றூர் ஒன்றுக்குக் கம்பியில்லா இணையத்தைத் தந்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? கோபுரம் நாட்டிய அன்றா, அலை எட்டிய அன்றா, அல்லது வேறொரு நாளிலா?

காவிரிப் படுகையில் வாழ்வோருக்கு இவ்வினாவின் பொருள் எளிதில் விளங்கும். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. அந்நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, பின்னும் எண்ணற்ற வாய்க்கால்களாகக் கிளைத்துச் செல்லுகிறது. அணை திறந்த செய்தி மறுநாளே நாளிதழில் வந்துவிடும். கடைமடை உழவரோ தம் வயலுக்குரிய வாய்க்காலில் நீரைக் கண்ட பின்னரே அதனை நம்புவார். திறப்பு என்னும் சொல்லுக்குத் தலைமடையில் ஒரு பொருளும் கடைமடையில் வேறொரு பொருளும் உண்டு. அறிவின் பாசனத்திற்கும் இஃது ஒக்கும்.

நம் மாநிலமும் அண்டையிலுள்ள புதுச்சேரியும் இத்துறையில் நெடிய அனுபவம் உடையவை. 1998ஆம் ஆண்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிச் சிற்றூர்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பிகளை நம்ப இயலாத காலம் அது. ஆகவே வில்லியனூரில் தலைமை மையத்தை அமைத்து, வானலை வழியாக ஏனைய ஊர்களை அதனோடு இணைத்தனர். கணினிகளை நிறுவனம் தந்தது. இடத்தையும் பொறுப்பாளர்களையும் ஊரார் தர வேண்டியிருந்தது. அவ்விடம் பொதுவிடமாக இருத்தல் வேண்டும், சாதி வேற்றுமையோ ஆண் பெண் வேற்றுமையோ இன்றி எவரும் உள்ளே வர வேண்டும் என்பதே முதன்மையான நிபந்தனை. கருவியைப் பற்றி எண்ணுவதற்கு முன்பே வாயிலைப் பற்றி எண்ணினர் என்பது நாம் கருதத்தக்கது.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். கடலலையின் உயரம் குறித்து அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வந்த முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர். வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் கணினியைத் தொட்டறியார். எழுத்தும் அறியாதவராக இருக்கலாம். ஆயினும் அன்று கடலுக்குச் செல்லலாமா என்னும் செய்தி அவர் செவிக்கு எட்டியது. 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு என்னும் ஊருக்குச் சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலை குறித்துத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதனை உடனே முழங்கினர். மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் பிழைத்தனர். அறிவுத் தானமே அபய தானமாகவும் ஆன நாள் அது.

அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று நம் திருவையாற்றில் வள மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைப்பால், செம்பட்டி, தங்கச்சிமடம் மையங்களோடு அதுவும் சென்னையுடன் இணைந்தது. உழவர் தம் ஐயங்களை வல்லுநரிடம் முகம் பார்த்துக் கேட்க வழி பிறந்தது.

இனி மற்றொரு பக்கத்தையும் காண வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினரின் முயற்சியில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லா நுட்பத்தைக் கொண்டு, 2001 முதல் மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தில் இணையக் கூடங்கள் அமைந்தன. சான்றிதழ் வேண்டுவோர் ஊரிலிருந்தே வட்டாட்சியர் அலுவலகத்திற்கு விண்ணப்பம் அனுப்பினர். கண்ணின் படத்தை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே அக்கூடங்களுள் பல மூடப்பட்டன. பயிற்சி பெற்ற அலுவலர் மாற்றலாகிச் சென்றபின் விண்ணப்பங்களைக் கவனிப்பார் குறைந்தனர். கூடம் நடத்தியவருக்கு வருவாய் போதவில்லை. நுட்பத்தின் குறையைவிட, இடைநின்று நடத்தும் மனிதர் இல்லாமற்போன குறையே பெரிதாயிற்று.

இடைநிற்கும் மனிதரின் பெருமையை நம் சமுதாயம் நன்கறியும். உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்ற பின்னர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். நூல் கையில் இருந்தது, தமிழ்ப்புலமையும் நிறைந்திருந்தது. ஆயினும் சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. அவ்வூர்ச் சமண இல்லறத்தார் அவருடைய ஐயங்களைப் பொறுமையோடு தீர்த்தனர். 1887இல் அந்நூல் அச்சேறியது. சமயத்தால் வேறானவர் என்று அவர்கள் வாயிலை அடைத்திருந்தால் தமிழுலகம் எவ்வளவு இழந்திருக்கும்! ஏடு இருந்தும் விளக்குவார் இன்றேல் பயன் குறைவு என்பதற்கு இக்காவிரிக் கரையிலேயே சான்று உள்ளது.

தீமையும் அதே அலையில்தானே வருகிறது என்று கேட்போர் உளர். அக்கேள்வியைத் தள்ளிவிடலாகாது. இணையச் சூதாட்டத்தால் குடும்பங்கள் கடனில் மூழ்கியமையாலும் உயிர்கள் மாய்ந்தமையாலும் தமிழக அரசு சட்டம் இயற்ற நேர்ந்தது. 2023இல் அது நடைமுறைக்கு வந்தது. பிற உயிர்க்கு ஊறு செய்யலாகாது என்னும் நெறியினர், தாம் தரும் பொருளால் ஊறு விளையுமா என்று எண்ணியே தருதல் வேண்டும். ஆனால் ஆகாயத்தாமரை மண்டுகிறது என்று எவரும் வாய்க்காலைத் தூர்த்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் தூர் வாருகின்றனர். இணையத்தைத் தந்தபின் விலகி நிற்பது அறமாகாது. எது பயன், எது கேடு என்று பகுத்தறியும் ஆற்றலை இளையோர்க்கு உடனிருந்து கற்பிப்பதும் அத்தானத்தின் பகுதியே.

தீமைக்கு அஞ்சிப் பெண்மக்களுக்கு மட்டும் தடை விதிப்பது மற்றொரு தவறு. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அது எப்போதும் ஆடவர் கையிலேயே இருக்குமாயின், அவ்வீட்டின் கடைமடை அடுக்களையிலேயே தொடங்கிவிடுகிறது. பெண்கள் விடுதியில் கைப்பேசிக்கு விதித்த கட்டுப்பாடு குறித்த வழக்கில், 2019இல் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சொல்லும் வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை.

படுகையின் இயல்பையும் கருத வேண்டும். சமநிலம் ஆதலால் அலை செல்ல வசதி உண்டு. அடர்ந்த தென்னந்தோப்புகளோ அதனைத் தடுக்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தபோது தோப்புகள் சாய்ந்தன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றன. செய்தி மிகத் தேவைப்பட்ட நாள்களில் அது கிட்டவில்லை. ஆகவே நாட்டிய கோபுரத்தைக் காப்பதும், மின்சாரம் நின்றாலும் இயங்க வழி செய்வதும், பழுதறிந்து சீர்செய்ய ஊரிலேயே இருவரைப் பழக்குவதும் ஒரு நாள் விழாவில் முடியும் வேலைகள் அல்ல.

நீருக்கும் அறிவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தலைமடையார் மிகுதியாகப் பாய்ச்சினால் கடைமடைக்கு நீர் குறையும். அறிவோ ஒருவர் பெற்றதனால் மற்றவர்க்குக் குறைவதில்லை. குறையாத பொருளையும் சிலருக்கே உரியதாக அடைத்துவைப்பது, மிகைப்பொருளைச் சேர்த்துவைப்பதினும் பெரிய பற்றாகும்.

ஊராட்சிதோறும் ஒளியிழையைக் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்திற்கு 2011இல் வேறு பெயரில் ஒப்புதல் கிட்டியது. தமிழகத்தின் ஊராட்சிகளும் அதன் எல்லைக்குள் அடங்கும். இழையை அரசு கொணரலாம். ஊராட்சி அலுவலகத்திலிருந்து கடைசித் தெரு வரை அதனைக் கொண்டுசெல்வதற்கு மனமுடையோர் வேண்டும். நம் இல்லங்களில் கணினி அறிந்த இளைஞர் பலர் உளர். தம் ஊருக்கு விடுமுறையில் செல்லும்போது, முதியவர் ஒருவருக்கு ஓய்வூதிய விவரத்தையோ, உழவர் ஒருவருக்கு வானிலை அறிவிப்பையோ, மாணவி ஒருத்திக்கு உதவித்தொகை விண்ணப்பத்தையோ பொறுமையாகக் காட்டித் தந்தால் அதுவும் சாத்திர தானமே. நம் குடும்பத்தார், பிற குடும்பத்தார் என்னும் வேற்றுமை அதில் வேண்டா.

ஆகவே, இணையம் வந்துவிட்டதா என்று இனி ஓர் ஊரைக் குறித்துக் கேட்கும்போது, கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல் கடைசித் தெருவின் கடைசி வீட்டிற்குச் செல்வோமாக. அங்குள்ளவர் தமக்கு வேண்டியதை அச்சமின்றிக் கேட்டு, பெற்று, புரிந்துகொள்ளும் நாளே அத்தானம் நிறைவேறிய நாள்.