ஊழியர் நலம் யாருக்காக?

கொழும்பிலுள்ள பெரிய கந்தோர்களில் ஊழியர் நலத்திட்டம் என்ற ஒன்று பரவி வருகிறது. இரத்தத்தில் சீனி, கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பிரஷர் அளக்கிறார்கள். யோகாசன வகுப்பு நடக்கிறது. மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று ஒருவர் வந்து பேசுகிறார். தெஹிவளையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் தினமும் காலையில் பஸ்ஸில் நெரிபட்டுக் கோட்டைக்குப் போகும் நம்மவர் பலர் இவற்றில் பங்குபற்றியிருப்பீர்கள். ஆண்டு முடிவில் ஓர் அறிக்கை வெளிவரும்: இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது, ஆகவே திட்டம் வெற்றி. அன்பான வாசகர்களே, இந்த ‘ஆகவே’ சரிதானா?

பெயர் புதிது; காரியம் நம் நாட்டுக்குப் பழையது. 1916ம் ஆண்டில் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் மிகுந்திருந்தது. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்லும் புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளிறிப் போவார், மூச்சு வாங்கும், கூடையோடு மலையேற இயலாது. இதனால் தோட்டத்து வேலை கெடுகிறது என்பது துரைமாருக்கும் விளங்கியது. ஆகவே மருந்து கொடுக்க இடமளித்தார்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கும் ஒழுங்காக எழுதப்பட்டது.

மருந்து வேலை செய்தது. ஆனால் லயங்களுக்குப் போதிய மலசலகூடங்கள் இல்லை. அவற்றைக் கட்டுவது தோட்டத்தின் செலவு. அச்செலவுக்குப் பல துரைமார் தயங்கினர். மருந்து குடித்தவர் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்தார்; புழு மீண்டும் ஏறியது. கணக்குப் புத்தகத்தில் வெற்றி. லயத்தில் போய்ப் பார்த்தால் வேறு கதை.

மருந்து கொடுத்த வைத்தியர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. திட்டத்தை எதைக்கொண்டு அளப்பது என்பதே கேள்வி.

நமது காலத்திலும் இதைச் சிலர் அக்கறையோடு சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லினோய் பல்கலைக்கழகத்தார் 2016ம் ஆண்டில் தங்கள் ஊழியருக்கென ஒரு நலத்திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 5,000 பேர் ஆய்வில் சேர்ந்தனர். சீட்டுக் குலுக்குவதுபோல் அவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மாத்திரம் திட்டத்தில் இடம் கொடுத்தார்கள். பங்குபற்றியவரையும் பங்குபற்றாதவரையும் ஒப்பிட்டபோது திட்டம் அற்புதம் செய்ததுபோல் தோன்றிற்று. குலுக்கலில் இடம் கிடைத்த அனைவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிட்டபோதோ, இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் மருத்துவச் செலவிலோ வேலைத்திறனிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காரணம் எளிது. ஏற்கனவே உடம்பைக் கவனித்து வந்தவர்களே அதிகமாக முன்வந்திருந்தார்கள். நாம் பங்குகளில் தியானம் வைத்தால் முதல் வாங்கில் வந்து உட்காருபவர் யார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்!

பயனே இல்லையா? உண்டு. பரிசோதனை செய்துகொண்டவர் தொகை கூடியது. இது சிறிய காரியமன்று. சீனி வருத்தம் இருப்பதே தெரியாமல் காலில் புண் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். கந்தோரில் இலவசமாகப் பார்க்கிறார்களென்றால் தட்டாமல் போய்ப் பாருங்கள்.

ஆனால் மலசலகூடக் கேள்வி அப்படியே நிற்கிறது. 2022ம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனையோ பேர் வெளிநாடு சென்றார்கள். அவர்கள் விட்டுச் சென்ற வேலை பல இடங்களில் எஞ்சியவர் தலையிலே விழுந்திருக்கிறது. மூவர் பார்த்த வேலையை ஒருவர் இரவு எட்டு மணிவரை இருந்து பார்க்கிறார். அவரைக் கூப்பிட்டு மூச்சை ஆழ இழுத்துவிடச் சொல்லிக் கொடுப்பது, வெறுங்காலோடு நிற்பவருக்கு மருந்து கொடுத்த கதைதானே? இன்னுமோர் ஆள் எடுப்பது செலவு; வகுப்பு மலிவு.

முகாமையாளர்கள் கேட்கும் கேள்வி வேறு: போட்ட பணத்துக்கு இலாபம் வந்ததா? இலாபம் பார்ப்பது பாவமல்ல. எனினும் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ம் ஆண்டில் தொழிலைப்பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், தொழிலாளரின் உடல் நலத்தைக் கெடுக்காத வேலைச் சூழலையும் ஓய்வையும் மருத்துவ உதவியையும் அவர்களுடைய உரிமைகளாகவே வைத்துப் பேசுகிறார். உரிமையென்றால், இலாபம் தராத ஆண்டிலும் அது கொடுபட வேண்டியதே. கடனைத் திருப்பிக் கொடுப்பவர், இதனால் எனக்கென்ன வருமானம் என்று கேட்பதுண்டா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பரிசோதனைத் தாள் யார் கைக்குப் போகிறது? வேலையில் இன்னும் நிரந்தரமாகாத ஓர் இளைஞருக்கு இருதயத்தில் கோளாறு என்று எழுதிய தாள் மேலதிகாரியின் மேசையில் கிடந்தால், அவருக்குச் செய்தது நன்மையா? தொழிற்சங்கத்தில் இருக்கும் வாசகர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். முகாமையில் இருக்கும் வாசகர்கள் அடுத்த அறிக்கையில் வந்தவர் தொகைக்குப் பக்கத்தில், கடந்த ஆண்டில் எத்தனை பேர் ஏழு மணிக்குப் பின்னும் மேசையில் இருந்தார்கள் என்ற எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.