கையாளத் தெரிவதும் காரணம் அறிவதும்

பள்ளியில் கணினி அறிவியலைப் புதுப்பிக்க முனையும் எந்தப் பாடத்திட்டக் குழுவும் ஒரு பழைய தத்துவக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். ஒரு பொருளைக் கையாளத் தெரிந்தால் அதை அறிந்ததாகுமா? அது ஏன் அப்படி இயங்குகிறது என்பதும் தெரிந்தால்தான் அறிவாகுமா? ‘மெட்டாபிசிக்ஸ்’ நூலின் தொடக்கத்தில் அரிஸ்டாட்டில் இரண்டாவதன் பக்கம் நின்றார். அனுபவசாலிக்கு இன்னது நடக்கும் என்று தெரியும். கலை தெரிந்தவருக்கு அது ஏன் நடக்கிறது என்பதும் தெரியும், அதனாலேயே அவரால் பிறருக்குக் கற்பிக்க முடிகிறது என்றார். 1949-இல் தத்துவவாதி கில்பர்ட் ரைல் இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். விதியை ஒப்பிப்பவர் எல்லோருக்கும் வேலை கைவராது; செய்து செய்து வரும் திறமை தனக்கென நிற்கும் ஓர் அறிவு என்பது அவர் வாதம்.

இரண்டு நிலைகளும் மோதிய இடம் இங்கிலாந்து. 2014 வரை அங்கே பள்ளிப் பாடமாக இருந்தது ஐசிடி எனப்பட்ட தகவல் தொடர்புத் தொழில்நுட்பம். கடிதம் தட்டச்சு செய்வது, எக்செல்லில் அட்டவணை போடுவது, பவர்பாயின்ட் தயாரிப்பது எனப் பல வகுப்புகள் மென்பொருள் பயிற்சியாகச் சுருங்கியிருந்தன. மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லித்தரும் நாடு அதை உருவாக்கச் சொல்லித்தரவில்லை என்று 2011 ஆகஸ்டில் எடின்பரோவில் கூகுளின் எரிக் ஷ்மிட் குறைகூறினார். 2012 ஜனவரியில் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் அறிக்கையும் பாடத்தின் போதாமையை விரிவாக எடுத்துவைத்தது. 2014 செப்டம்பரில் ஐசிடி போய் ‘கம்ப்யூட்டிங்’ வந்தது. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் அல்காரிதம் என்றால் என்ன என்று அறிந்து, சிறு நிரல்களை எழுதிப் பிழை திருத்த வேண்டும். 11 முதல் 14 வயதுக்குள் இரண்டு நிரல்மொழிகளாவது பழகி, இரும எண்களையும் பூலியன் தர்க்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும்.

மென்பொருள்கள் சில ஆண்டுகளில் மாறும், அடியில் உள்ள கோட்பாடுகள் நிலைக்கும் என்பதே இந்த மாற்றத்துக்கான முதன்மையான நியாயம். அக்கோட்பாடுகளைக் கணினி இல்லாமலும் கற்பிக்கலாம். டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகியோர் உருவாக்கிய ‘சிஎஸ் அன்பிளக்ட்’ பயிற்சி ஒன்றில், மைதானத்தில் சுண்ணக்கட்டியால் கோடுகளும் வட்டங்களும் வரையப்படுகின்றன. ஆறு பிள்ளைகள் ஆளுக்கோர் எண் அட்டையோடு கோடுகளின் வழியே நடக்கிறார்கள். ஒரு வட்டத்தில் இருவர் சந்தித்ததும் அட்டைகளை ஒப்பிட்டு, சிறிய எண் வைத்திருப்பவர் இடப்பக்கமும் பெரிய எண் வைத்திருப்பவர் வலப்பக்கமும் பிரிகிறார்கள். மறுமுனையை எட்டும்போது ஆறு பேரும் எண் வரிசையில் நிற்கிறார்கள். முழு வரிசையும் நடக்கையில் யாருக்கும் தெரியாது; இருவர் இருவராக ஒப்பிட்டதே போதும். கருத்து இயந்திரத்துக்கு முந்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. நிரல் எழுதப் பழகினால் பொதுவாகச் சிந்திக்கும் திறனும் வளருமா? ஜெனீவாவில் உளவியலாளர் பியாஜேயுடன் பணியாற்றிய சீமோர் பேப்பர்ட் வளரும் என்று நம்பினார். 1967-இல் அவர் வாலி ஃபூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் உருவாக்கிய லோகோ மொழி, பின்னர் கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் ‘ஆமை’யால் புகழ்பெற்றது. 100 அலகு முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு என்று நான்கு முறை கட்டளையிட்டால் ஆமை சதுரம் வரையும். சமபக்க முக்கோணம் என்றதும் பாடப்புத்தக நினைவில் 60 பாகை என்று எழுதத் தோன்றும். எழுதினால் முக்கோணம் மூடாமல் கோடு விலகிப் போகும். ஆமையின் இடத்தில் தானே நின்று நடந்து பார்க்கும் பிள்ளைக்கு, மூலையில் திரும்ப வேண்டியது வெளிக்கோணமான 120 பாகை என்பது புலப்படும். பிழையே பாடமாகும் இந்த வழியைப் பேப்பர்ட் 1980-இல் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் விரித்தார். கணினிவழிச் சிந்தனை எழுத்தறிவைப் போல எல்லோருக்கும் வேண்டியது என்று 2006-இல் கணினி அறிவியலாளர் ஜனெட் விங் எழுதியதும் அந்த நம்பிக்கை மீண்டும் வலுப்பெற்றது.

சான்று அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீயும் மிடியன் கர்லண்டும் 1980-களின் முற்பாதியில் ஆராய்ந்தபோது, ஓராண்டு லோகோ பயின்ற பிள்ளைகள் வேறு வேலைகளைத் திட்டமிடுவதில் மற்றவர்களை விஞ்சவில்லை. 1988-இல் ஷரன் கார்வரும் டேவிட் கிளாரும் வெளியிட்ட ஆய்வு வேறு முடிவைத் தந்தது. பிழை தேடும் முறையை வெளிப்படையாக, படிப்படியாகக் கற்பித்தபோது, கணினிக்குத் தொடர்பில்லாத செயற்குறிப்புகளிலும் பிள்ளைகள் பிழையைத் திறமையாகக் கண்டுபிடித்தனர். ஆக, பழக்கம் தானாக இடம் பெயர்வதில்லை. அதன் முறையையும் காரணத்தையும் எடுத்துச் சொன்னால் பெயர்கிறது. ரைலின் பழக்கமின்றித் திறமை இல்லை. அரிஸ்டாட்டிலின் காரணமின்றி அத்திறமை பயின்ற இடத்தைத் தாண்டுவதில்லை.

மூன்றாவது கேள்வி, இந்த அறிவு யாருக்கு என்பது. 2017-இல் ராயல் சொசைட்டி மீண்டும் ஆராய்ந்தபோது, இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ என்னும் பள்ளிப் பொதுத் தேர்வுக்குக் கணினி அறிவியலை எடுத்தவர்கள் மாணவர்களில் 11 சதவீதம் பேரே. அவர்களில் பெண்கள் ஐந்தில் ஒருவர். ஐசிடி தேர்வும் நீக்கப்பட்டுவிட்டதால் மற்றவர்களுக்கு அந்த வாசலும் அடைபட்டது. 2025 நவம்பரில் பெக்கி பிரான்சிஸ் தலைமையிலான பாடத்திட்ட ஆய்வு, கணினி அறிவியல் தேர்வுக்குப் பதிலாகப் பரந்த கம்ப்யூட்டிங் தேர்வைப் பரிந்துரைத்தது.

இந்த அறிவு எல்லோருக்கும் ஏன் வேண்டும் என்பதற்கான வலுவான காரணத்தைக் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் 1976-லேயே சொல்லிவிட்டார். அவர் 1966-இல் வெளியிட்ட எலைசா நிரல், பெரும்பாலும் பேசுபவரின் சொற்களையே கேள்வியாக மாற்றித் திருப்பித் தரும், அவ்வளவுதான். ஆனாலும் தங்களைப் புரிந்துகொள்ளும் ஒன்றுடன் பேசுவதாகப் பலர் உணர்ந்தனர். மனிதத் தீர்ப்பு தேவைப்படும் சில முடிவுகளை இயந்திரத்திடம் ஒப்படைக்கக் கூடாது என்ற அவரது எச்சரிக்கை அங்கிருந்து பிறந்தது. நிரலையும் இயந்திரமே எழுதித் தரும் இந்தக் காலத்தில், நிரல் உற்பத்திக்காக மட்டும் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் கற்பிப்பது வலுவிழந்த வாதம். இயந்திரம் தரும் விடை எப்படி வந்தது, எங்கே தவறும், எதற்கு அதை நம்பலாம் என்று தீர்மானிக்கும் அறிவு எல்லாக் குடிமக்களுக்கும் வேண்டும். தொடக்கப் பள்ளியில் செய்து பார்ப்பதற்கும், உயர்நிலையில் காரணத்தை எடுத்துரைப்பதற்கும் இடம் தரும் பாடத்திட்டமே அந்த அறிவைத் தர முடியும்.