இருட்டுக்கு அர்த்தம்

2022ஆம் வருஷக் கடைசியில் ஒரு மாலை, நண்பர்கள் நாலைந்து பேர் என் அறையில் கூடியிருந்தபோது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். கீவ் நகரத்து இருட்டுக்கு அர்த்தம் உண்டு, கொழும்பு இருட்டுக்கு அர்த்தம் கிடையாது என்று. சொன்ன மாத்திரத்தில் எனக்கே பிடித்துப்போயிற்று. நண்பர்களும் தலையாட்டினார்கள். அந்த வாக்கியம் தவறு என்று இப்போது படுகிறது. முழுக்கத் தவறு என்று தள்ளிவிடவும் முடியவில்லை என்பதுதான் சங்கடம்.

பேச்சு ஆரம்பித்த விதம் இது. இலங்கை, உக்ரைன் இரண்டில் எந்த நாட்டில் ஜனங்கள் அதிகம் கஷ்டப்படுகிறார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். புள்ளிவிவரங்களோடு வந்திருந்தார். இலங்கையில் மார்ச் 31ஆம் தேதி 13 மணி நேர மின்வெட்டு. எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் வரிசையிலேயே இறந்தார்கள். செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. உக்ரைனில் அக்டோபர் 10ஆம் தேதியிலிருந்து மின்நிலையங்களைக் குறிவைத்து அலையலையாக ரஷ்ய ஏவுகணைகள்; நவம்பர் 23 தாக்குதலில் அணுமின் நிலையங்களும் மின்தொகுப்பிலிருந்து கழன்றுபோய் நாட்டின் பெரும்பகுதி இருண்டது; வெளியே பனி. இரண்டு கவிதைத் தொகுதிகளில் எது தேறும் என்று பேசுகிற அதே குரலில்தான் நாங்கள் இதையும் பேசிக்கொண்டிருந்தோம். அதே காபி.

உயிர்ச்சேதத்தை வைத்துப் பார்த்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. ஏவுகணை விழும் ஊரும் விழாத ஊரும் ஒன்றல்ல. நண்பர் கேட்டதோ அன்றாட வாழ்வைப் பற்றி. அதிலும் ‘நாடு’ என்கிற அளவை எவ்வளவு தூரம் நம்புவது? 2012இல் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் பாதி நாளுக்கு மின்சாரம் இல்லாதிருந்தபோது, சென்னையில் எங்களுக்கு ஓரிரண்டு மணி நேரம்தான் போயிற்று. வெளியூர் நண்பர்கள் கடிதத்தில் எழுதியதை மிகை என்றே நாங்கள் நினைத்தோம்.

என் வாக்கியத்தின் பின்னால் இருந்த யோசனையைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் இல்லாமை என்பது ஸ்தூலமான ஒரு இன்மை. ஆனால் அதற்கான காரணமும் அதோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கீவ் நகர அடுக்குமாடிகளில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொள்பவருக்காக, தண்ணீரும் பிஸ்கட்டும் போட்ட பெட்டிகளை அந்தக் கட்டிடத்துக்காரர்களே லிஃப்டுக்குள் வைத்தார்கள். சூடாக உட்கார, டீ குடிக்க, கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற, அரசாங்கம் ஊர் ஊராக இடங்கள் திறந்தது. செப்டம்பரிலேயே ஜெலன்ஸ்கி ரஷ்யாவை நோக்கி ஒரு அறிக்கை விட்டிருந்தார்: வெளிச்சம் இல்லாமலா, நீங்கள் இல்லாமலா என்றால், நீங்கள் இல்லாமல் இருப்பதையே தேர்வோம் என்கிற பொருளில், ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு. வடிவத்தில் அது கவிதைதான். நல்ல கவிதையா என்று கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

கொழும்பில் அப்படி ஒரு கவிதையை யாரை நோக்கி எழுத முடியும்? 2019 கடைசியில் வரிகளைக் குறைத்தார்கள். கொரோனாவில் சுற்றுலா வருமானம் போயிற்று. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்து, விளைச்சல் விழுந்த பிறகு நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். அந்நியச் செலாவணி கரைந்து, 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். இதில் எதிரி எங்கே? ஒரு கணக்குப் புத்தகம்தான் இருக்கிறது. எனவே கோபம் முதலில் வரிசையில் தனக்கு முன்னால் இரண்டு கேனோடு நிற்பவன்மேல் போகிறது. அந்த 13 மணி நேர நாளின் இரவிலேயே ஜனாதிபதியின் சொந்த வீட்டு வாசலுக்கும் போயிற்று. ஜூலை 9ஆம் தேதி அவருடைய மாளிகைக்கு உள்ளேயே. இன்மை ஒன்று, அதற்குள் வாழ்கிற வாழ்க்கை இரண்டு. இந்த அளவுக்கு என் வாக்கியம் இன்னும் நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

அன்று அதுவரை பேசாமலிருந்த ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். மெதுவாகத்தான் கேட்டார்: “நீங்கள் ரெண்டு நாட்டைப் பற்றிக் கதைக்கிறியள் ஐயா. நான் இருந்த இருட்டை எதிலை சேர்ப்பியள்?”

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோல், பாட்டரி, சிமெண்ட், உரம் எல்லாம் தடைப் பட்டியலில். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்சமே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அந்தச் சுடரில் படித்துப் பரீட்சை எழுதியவர் அவர். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட வீடு அவருடையது. பத்திரிகைகள் கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சாயின. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் கொழும்பில் நாளிதழ்கள் அச்சை நிறுத்தியதும், மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சைகள் தள்ளிப்போனதும் செய்தியாக வந்தபோது தனக்குச் சிரிப்பு வந்தது என்றார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

அவருடைய இருட்டுக்கு எதிரி இருந்தான். அந்த எதிரி அவருக்கு அடையாள அட்டை கொடுத்திருந்த அரசாங்கம். என் வாக்கியப்படி பார்த்தால் அது அர்த்தமுள்ள இருட்டு. அப்படியே நான் கேட்டும்விட்டேன். பதில்: “அர்த்தமோ? எங்களுக்கு நிறைய அர்த்தம் தந்தவை. அதுக்கு மேலை ஒண்டும் கேக்கக் கூடாது எண்டும் சொன்னவை.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தென்னிலங்கையிலும் இதேதான் நடந்திருக்கிறது. யுத்தம் இருந்தவரை விலைவாசிக்கும் சவப்பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரே காரணம் கைவசம் இருந்தது. 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரைத்தான் 2019இல் 69 லட்சம் பேர் ஜனாதிபதியாக்கினார்கள். அர்த்தம் என்று நான் மரியாதையோடு சொன்னது, வாயடைக்கவும் பயன்படுகிற ஒரு வஸ்து. அறையில் விளக்கு எரிய உட்கார்ந்திருப்பவனுக்கு அது அழகாகவும் இருந்துவிடுகிறது. எழுத்தாளர்களுக்கு இந்த ருசி அதிகம்; சுத்தமான துயரத்தைத் தேடுகிறோம்.

கீவ் விஷயத்திலும் நான் நினைத்த அளவு சுத்தம் இல்லை. 2025 நவம்பரில், மறுபடியும் ஏவுகணைகளாலும் மின்வெட்டாலும் திணறிக்கொண்டிருந்த சமயத்தில், எரிசக்தித் துறை ஒப்பந்தங்களில் சுமார் 10 கோடி டாலர் கமிஷனாகக் கைமாறியது என்று அந்த நாட்டின் ஊழல் தடுப்பு அமைப்பே குற்றம் சாட்டியது. இரண்டு அமைச்சர்களைப் பாராளுமன்றம் நீக்கியது. ஆக, அணைந்த அதே பல்புக்கு வெளியே ஒரு காரணமும் உள்ளே ஒரு காரணமும். எதிரி வாசலில் நிற்கும்போதே உள்ளே இருப்பவனையும் அங்கே கேட்க முடிந்திருக்கிறது. என் யாழ்ப்பாண நண்பருக்கு 1990களில் இல்லாமல் போனது இதுதான். வெளியே இருப்பவனையும் கேட்க முடியாது, உள்ளே இருப்பவனையும் கேட்க முடியாது. இரண்டு நாடுகளின் நிலைமையை ஒப்பிட்டே தீரவேண்டுமென்றால், மணிக்கணக்கைவிட, அர்த்தத்தைவிட, இதைத்தான் நான் இப்போது கேட்பேன்: இருட்டில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பற்றி யாரையெல்லாம் கேட்கலாம்?

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2022 மே 18ஆம் தேதி கொழும்பு காலிமுகத்திடலில், போராட்டக்காரர்கள் போட்டிருந்த கூடாரங்களுக்கு நடுவே முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள். சிங்களவர்களும் நின்றார்கள். 2009இன் கடைசி நாட்களில் அங்கே பசிக்குக் கிடைத்த அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்தார்கள். நண்பர் தன் கைபேசியில் அந்தப் படத்தைச் சேமித்து வைத்திருந்தார். மற்றவர்கள் போன பிறகு எனக்கு மட்டும் காட்டினார். சந்தோஷம்தானே என்று கேட்டேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதின்மூண்டு மணித்தியாலம் இருந்து பாத்திட்டு வந்திருக்கினம்,” என்றார். “வரட்டும்.”