கணிப்பும் தீர்ப்பும்

2023 மே 10ஆம் நாள், கர்நாடகச் சட்டப் பேரவைத் தேர்தல். பெங்களூர் ஜெயநகர்த் தொகுதியில் வாக்களித்துவிட்டு, எங்கள் தெருப் பெரியவர் ஒருவருடன் வெளியே வந்தேன். வாயிலுக்கு அப்பால் நின்ற இளைஞர் ஒருவர் அவரை அணுகி, எக்கட்சிக்கு வாக்களித்தீர் என்று கன்னடத்தில் பணிவுடன் வினவினார். பெரியவர் தயங்காமல் ஒரு கட்சியின் பெயரைச் சொன்னார். வீடு திரும்பும் வழியிலோ, தாம் வாக்களித்தது வேறொரு கட்சிக்கு என்றார். "கேட்பவர் யாரென்று தெரியாது. பிழைக்க வந்த ஊர், எதிரே நிற்பவர் எதை விரும்புவாரோ அதைச் சொல்லிவிடுவேன்" என்பது அவர் விளக்கம். 1991 டிசம்பரில் காவிரிக் கலவர நாட்களை இந்நகரிலேயே கழித்தவர் அவர். அந்த அச்சத்தை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அவர் செய்தது தவறா? பொய்மைக்கும் வாய்மையின் இடம் தந்த வள்ளுவரை அவர் துணைக்கு அழைத்தார். குற்றமற்ற நன்மை விளைய வேண்டும் என்பதன்றோ வள்ளுவர் விதித்த நிபந்தனை! விடை கூறாமலே போக அவருக்கு உரிமை உண்டு; ஆனால் பலர் பார்க்க மறுத்துச் செல்வதும் ஒருவகை விடையாகிவிடுகிறது. ஆகவே அவரைப் பாராட்டவும் இல்லை, பழிக்கவும் இல்லை. அவர் தந்த விடையின்மேல் நாம் எழுப்பும் மாளிகையே என்னை உறுத்துகிறது.

எல்லோரும் உண்மையே உரைத்தாலும் கணிப்புப் பிழைக்கலாம். 2018இல் இம்மாநிலத்தில் ஏறத்தாழ 38 விழுக்காடு வாக்குப் பெற்ற காங்கிரசு 80 இடங்களே வென்றது. 36 விழுக்காடு பெற்ற பா.ஜ.க. 104 இடங்களை வென்றது. 2023இலும் பா.ஜ.க.வின் வாக்கு அதே 36 விழுக்காட்டளவில் நின்றது. இடங்களோ 66 ஆகச் சுருங்கின. வாக்கை இடமாக மாற்றும் இக்கணக்கில்தான் கணிப்பாளர்க்குக் கால் இடறுகிறது.

பிழை மனித இயல்பு. அதனைத் தீங்கென்று சொல்ல மாட்டேன். 2024 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலான கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் வழங்கின, கிடைத்தவை 293. நாணினவர் கணிப்பாளர். அதே ஆண்டு அக்டோபரில் ஹரியானாவில் காங்கிரசு வெல்லும் என்றனர். 90இல் 48 இடங்களைப் பா.ஜ.க. பெற்றது. இம்முறை ஐயம் முடிவின்மேல் விழுந்தது. இயந்திரங்களின் மின்கல அளவைச் சுட்டிக் காங்கிரசு முறையிட்டது. தேர்தல் ஆணையம் அதனை மறுத்தது. முறையீட்டைச் சான்று கொண்டு ஆராய்வது கடமையே. ஆனால் மூன்று நாட்களுக்குமுன் கேட்ட கணிப்பு ஒரு சான்றாகுமா?

நம் முன்னோர் நம்பிக்கையை வேறிடத்தில் தேடினர். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கிறது. முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்துகிறார். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஓலையை எடுக்கிறான். வாங்குபவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையை நீட்டி வாங்கி, வாசிக்கிறார். கூடியிருந்த நம்பிமாரும் வாசிக்கின்றனர். நிலமும் கல்வியும் உடையவர்க்கே அங்கு உறுப்பினராகும் தகுதி இருந்தது. அதனை இன்று போற்ற வேண்டியதில்லை. அந்த விரிந்த விரல்களைப் போற்றலாம்.

வாக்குப்பதிவு இயந்திரம் செய்யும் இரு நிறுவனங்களுள் ஒன்று நம்மவர் பலர் உழைத்த பெங்களூர்ப் பாரத் எலக்ட்ரானிக்ஸ். இயந்திரத்தோடு இணைந்த ஒப்புகைச் சீட்டு ஏழு நொடி வாக்காளர் கண்ணுக்குத் தெரிகிறது. 2019இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகள் எண்ணி ஒப்பிடப்படுகின்றன. அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற வேண்டுகோளை அந்நீதிமன்றம் 2024இல் ஏற்கவில்லை. ஐந்தைச் சற்றுக் கூட்டினால் சில மணி நேரமே செலவாகும். அது வீண் செலவன்று என்பது என் எண்ணம்.

மே 13ஆம் நாள் ஜெயநகரில் எண்ணிக்கை முடிந்தும் முடியாமல் நள்ளிரவை நெருங்கியது. மறு எண்ணிக்கை கோரினர். அஞ்சல் வாக்குகளை மீண்டும் ஆராய்ந்தனர். இறுதியில் காங்கிரசின் சௌமியா ரெட்டியைப் பா.ஜ.க.வின் சி.கே. ராமமூர்த்தி 16 வாக்குகளில் வென்றதாக அறிவித்தனர். மறுநாட் காலை பெரியவர் செய்தித்தாளும் கையுமாக எங்கள் வாயிலில் நின்றார். "பதினாறா?" என்று மட்டும் கேட்டார். தாம் உண்மையில் வாக்களித்த கட்சி எது என்பதை அன்றும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.