தன்னை மறைத்துக்கொள்ளும் கருணை

பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை நீண்டு கிடக்கும் மழைக்காடுகளில், காயமுற்ற அல்லது அநாதையான வனவிலங்குகளைப் பேணும் பணியில் சில மாதங்கள் தொண்டு செய்ய வேண்டும் என்று விரும்பும் இளைஞர்கள் உண்டு. விருப்பம் உயர்ந்தது. ஆனால் அதன் அடியில் பெரும்பாலும் இன்னொரு விருப்பமும் ஒளிந்திருக்கிறது. குட்டியை மடியில் ஏந்திப் பால் புகட்ட வேண்டும், அது நம்மை அடையாளம் கண்டு ஓடி வர வேண்டும் என்ற ஆசை அது. இந்த இரண்டாவது ஆசையை அன்பு என்று அழைக்கலாமா என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

2020 நவம்பரில், பெரியாறு புலிகள் காப்பகத்தில், நம் கண்ணகி கோட்டம் அமைந்துள்ள மங்கலதேவி மலையை ஒட்டிய காட்டில், சுமார் இரண்டு மாதமே ஆன பெண் புலிக்குட்டி ஒன்று தனித்துக் கிடந்தது. தாய் திரும்பி வரக்கூடும் என்று வனத்துறையினர் முதலில் காத்திருந்தனர். தாய் வரவில்லை. பின்னங்கால்கள் வலுவிழந்திருந்த அக்குட்டிக்கு மங்கலா என்று பெயரிட்டு வளர்த்தார்கள். சற்று வளர்ந்ததும் காட்டுக்குள்ளேயே வேலியிட்ட பரப்பு ஒன்றில் விட்டு, வேட்டையாடப் பழக்கத் தொடங்கினார்கள். இத்தகைய குட்டி ஏறத்தாழ 50 முறையேனும் தானாக இரை வீழ்த்தியிருக்க வேண்டும், மனிதரைக் கண்டால் விலகும் இயல்பும் பெற்றிருக்க வேண்டும். அதன் பின்னரே அதைக் காட்டில் விடலாம் என்பது இத்துறையினரின் நெறி. இடையில் அதன் கண்களில் புரை தோன்றியதும், அதற்கு மருத்துவம் பார்த்ததும் தனிக் கதை.

இதில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. குட்டி உயிர் பிழைத்ததும், அதைக் காத்தவர்கள் அதன் கண்ணில் படாமல் விலகிக்கொள்ள வேண்டும். உணவு வரும், கொண்டுவந்த கை தெரியலாகாது. 1987-ல் மொத்தம் 27 பறவைகளாகக் குறைந்துவிட்ட கலிபோர்னியாவின் கொண்டோர் கழுகினத்தை மீட்டவர்களும் இதையே செய்தார்கள். தாய்ப்பறவையின் தலையைப் போன்ற கைப்பொம்மையை அணிந்து குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். ஊட்டியவர் யாரென்று அந்தக் குஞ்சுகள் ஒருநாளும் அறியவில்லை.

பலனை எதிர்பாராமல் பணி செய் என்பதைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. பணத்தை எதிர்பார்க்காமல் இருப்பது ஓரளவு எளிது, புகழையும் விட்டுவிடலாம். உதவி பெற்றவரின் கண்ணில் ஒரு கணம் தோன்றும் நன்றியையும் விடு என்றால்தான் மனம் முரண்டு பிடிக்கிறது. இங்கோ அந்த நன்றியே கேடு. மனிதரை நம்பப் பழகிய புலி ஊரைத் தேடி வரும். வந்தால் அதற்கும் ஊராருக்கும் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பாகவதம் கூறும் ஜடபரதரின் வரலாறு நம் வாசகர்கள் அறிந்ததே. ஆற்றில் விழுந்த மான்குட்டியை எடுத்து வளர்த்த முனிவர், அதன் நினைவோடே உயிர்நீத்து மானாகப் பிறந்தார். துறவிக்கு இரக்கம் கூடாது என்பதே இதன் கருத்து எனக் கொள்வோர் சிலர். அது சரியன்று. நீரிலிருந்து குட்டியை எடுத்தது பிழையாகாது. அது எழுந்து நடக்கத் தொடங்கிய பின்னரும் 'என் மான்' என்று பற்றியதிலேதான் பிழை தொடங்கியது. பற்றினால் பரதருக்கு நேர்ந்ததைப் புராணம் சொல்கிறது. முனிவரின் மடியன்றி வேறொன்றும் அறியாத அந்த மான், அவர் மறைந்த பின் காட்டில் என்ன ஆயிற்று என்ற கேள்வியையும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டும். பற்று, பற்றியவனை மட்டும் கட்டுவதில்லை.

அப்படியானால் கருணை என்பது எட்ட நிற்கும் குளிர்ந்த கடமைதானா? அவ்வாறும் விதி செய்துவிட முடியாது. தாயை இழந்த யானைக்கன்று தொடுகையும் துணையும் இன்றிப் பிழைப்பது அரிது. முதுமலை தெப்பக்காட்டில் பொம்மன், பெள்ளி தம்பதியர் ரகு என்ற கன்றைப் பெற்ற பிள்ளைபோல் வளர்த்ததை, 2023-ல் ஆஸ்கர் பரிசு பெற்ற ஆவணப்படம் வழியாக உலகமே கண்டது. கன்று வளர்ந்ததும் வேறொரு பாகரிடம் ஒப்படைக்கப்பட்டதையும் அதே படம் காட்டுகிறது. அணைப்பதா, விலகுவதா என்பதை விலங்கின் தேவையே முடிவு செய்கிறது. நம் மனத்தின் தேவைக்கு அங்கே வாக்கில்லை.

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. 2023 ஜனவரியில் பாலக்காட்டின் தோணி பகுதியில் 'பி.டி. 7' எனப்பட்ட கொம்பன் யானை பிடிக்கப்பட்டு மரக்கூட்டில் அடைக்கப்பட்டது. அதன் உடலில் துப்பாக்கிச் சன்னங்கள் இருந்தன. ஒரு கண்ணில் பார்வையும் இல்லை. அதே ஆண்டு ஏப்ரல் 29-ல் இடுக்கியின் சின்னக்கானலில் அரிக்கொம்பன் பிடிபட்டது. அரிசியைத் தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்ததால் வந்த பெயர் அது. பெரியாறு காட்டில் விடப்பட்ட அந்த யானை, மே இறுதியில் கம்பம் நகருக்குள் வந்தது. அங்கே ஒருவர் காயமுற்று உயிரிழந்தார். ஜூன் 5-ல் தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு சென்றது.

சின்னக்கானலில் யானைகள் நடமாடும் நிலத்தை நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்தவர்கள் மனிதர்களே. இரவில் சுவர் இடியும் ஓசை கேட்டு நடுங்கும் அந்தக் குடும்பங்களின் அச்சம் மெய்யானது. நகரத்தில் அமர்ந்து யானைக்காக மட்டும் உருகுவது அரைக் கருணை. இடமாற்றம் தவிர்க்க முடியாததாகவும் இருக்கலாம். ஆனால் அதை 'மீட்பு' என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? நம் அமைதிக்காக ஒரு யானையை அதன் காட்டிலிருந்து பெயர்த்தோம் என்று சொல்வதே சத்தியம்.

சன்னத்தால் பட்ட புண்ணுக்கும், மின்வேலியாலும் கண்ணியாலும் வாகனத்தாலும் நேர்ந்த ஊனத்துக்கும் மருந்திடுவதைத் தானம் என்று எண்ணக்கூடாது. அது கடன் தீர்த்தல். தாய் விட்டுச் சென்ற குட்டியை எடுப்பதோ வேறு. அங்கே நாம் கடன்பட்டவர்கள் அல்லர். இயற்கையின் போக்கில் தலையிட நமக்கு என்ன உரிமை என்று கேட்பவருக்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. கண்முன் கிடக்கும் உயிரைக் கடந்து போனவன் வேறெந்தத் தத்துவத்தையும் மனத்தூய்மையோடு பேச முடியாது என்று மட்டும் தோன்றுகிறது.

எனவே தொண்டுக்குச் செல்லும் அன்பர்கள், அங்கே தமக்குக் கிடைக்கப்போவது என்ன என்பதை அறிந்து செல்வது நன்று. கூண்டு கழுவுதல், பழம் நறுக்குதல், தழை சுமத்தல், எடை குறித்தல் ஆகியவையே பெரும்பாலான வேலை. பேசாதே, பெயர் சொல்லி அழைக்காதே, படம் எடுக்காதே என்ற கட்டளைகளும் உண்டு. விலங்கு விடுவிக்கப்படும் நாளிலும் இயன்றவரை ஆட்களைக் குறைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் தொண்டர் அநேகமாக வேறொரு கூண்டின் பின்புறம் வாளியுடன் இருப்பார்.