பெயர் சொல்லாத குரல்

தீமையைத் தீமை என்ற காரணத்திற்காகவே எவரும் நாடுவதில்லை. ஏதேனும் ஒரு நன்மையின் சாயலை அதில் கண்டே மனித உள்ளம் அதன்பால் சாய்கிறது என்பது புனித தோமா அக்குவினாசின் போதனை. குருமடத்தில் இப்பாடத்தை நாம் பயின்ற நாள்களில் எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. திருடுகிறவன் பொருளை நாடுகிறான். பொய் சொல்கிறவன் தப்பிக்க வழி தேடுகிறான். பழிவாங்குகிறவனும் நீதி என்று தான் எண்ணிக்கொண்ட ஒன்றையே நாடுகிறான். ஆனால் காசு பணம் ஏதும் கிடைக்காத, புகழும் வந்து சேராத ஓரிடத்தில், தனக்கு எத்தீங்கும் செய்யாத அந்நியர் சிலர் உரையாடுவதைக் குலைப்பதற்காக மட்டுமே, இரவு நெடுநேரம் கண்விழித்து ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பவன் எந்த நன்மையை நாடுகிறான்? இப்படியும் மனிதர் இருப்பார்களோ என்று வாசகர் ஐயுறலாம். இருக்கிறார்கள். அமெச்சூர் வானொலி உலகில் பழகியவர்கள் அவர்களை நன்கு அறிவர்.

அமெச்சூர் வானொலியைப் பேச்சுவழக்கில் 'ஹாம் ரேடியோ' என்பர். வணிக நோக்கம் எதுவுமின்றி, அக்கலையின் மேலுள்ள விருப்பத்தால், அரசுத் தேர்வில் தேறி உரிமம் பெற்று, தம் சொந்தக் கருவியால் பிறரோடு உரையாடுவோர் இவர்கள். ஒவ்வொருவருக்கும் அரசு ஓர் அழைப்புக்குறியை வழங்குகிறது. நம் நாட்டினரின் குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்னும் எழுத்துகளோடு தொடங்கும். ஒருவருக்கு வழங்கிய குறியை உலகில் அதே வேளையில் வேறெவரும் கொண்டிருப்பதில்லை. கத்தோலிக்கருக்கு இக்கலை அந்நியமானதன்று. அவுஷ்விட்ஸ் முகாமில் 1941இல் மற்றொருவருக்காகத் தம் உயிரை ஈந்த புனித மாக்சிமிலியன் கோல்பே வானொலியைத் தம் பணிக்குக் கருவியாகக் கொண்டவர். ஹாம் அன்பர் பலர் அவரைத் தம் பாதுகாவலராகப் போற்றுகின்றனர். நேபாளத்தில் 1951இல் புனித சவேரியார் பள்ளியைத் தொடங்கிய இயேசு சபைக் குரு மார்ஷல் மோரன், காத்மாண்டிலிருந்து ஒலித்த தம் குரலாலேயே உலகின் பல மூலைகளில் நண்பர்களைப் பெற்றவர். அவர் 1992இல் இறைவனடி சேர்ந்தார்.

அவ்வுலகின் ஒரு சிறு பகுதியைக் குறித்தே இங்குச் சிந்திக்க விழைகிறோம். கையில் எடுத்துச் செல்லும் ஹாம் கருவியின் ஆற்றல் ஏறத்தாழ 5 வாட். அது பயன்படுத்தும் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குன்று குறுக்கிட்டால் குரல் அங்கேயே நின்றுவிடும். எனவே அன்பர் சிலர் கூடி, சந்தா திரட்டி, மலையுச்சியிலோ உயர்ந்த கட்டடத்தின்மேலோ 'ரிப்பீட்டர்' என்னும் நிலையத்தை அமைக்கிறார்கள். அது ஓர் அலைவரிசையில் வரும் மெலிந்த குரலைக் கேட்கிறது. அதே நொடியில் வேறோர் அலைவரிசையில், இரண்டு மீட்டர் அலைகளில் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, மிகுந்த ஆற்றலோடு அதைத் திருப்பிச் சொல்கிறது. பள்ளத்தாக்கில் இருப்பவரின் குரல் மலைகளுக்கு அப்பாலும் கேட்கிறது. படுக்கையை விட்டு எழ இயலாத முதியவரும், பார்வையற்றவரும், பெரிய ஆண்டெனா வாங்க வசதியில்லாத மாணவரும் வசதி படைத்தவருக்கு இணையாக உரையாடலாம். மெலிந்தவரின் குரலை உயர்த்துவதற்கென்றே எழுந்த கருவி என்று இதனைச் சொல்வது மிகையாகாது.

தன்னிடம் வரும் குரல் நல்லெண்ணத்தோடு வருகிறதா என்று பகுத்தறிய இக்கருவிக்கு இயலாது. ஆண்டவர் மலைப்பொழிவில் குறிப்பிட்ட மழையைப்போல நேர்மையுள்ளோர்க்கும் நேர்மையற்றோர்க்கும் அது ஒரேவகையாய்ப் பயன்படுகிறது. இங்குதான் நாம் முன்னர்ச் சொன்ன மனிதன் நுழைகிறான். ஒன்றும் பேசாமல் பொத்தானை அழுத்தியே அலைவரிசையை அடைத்துவைக்கிறான், பாட்டை ஓடவிடுகிறான், பிறர் பேச்சைப் பதிவுசெய்து ஏளனமாகத் திரும்ப ஒலிக்கச் செய்கிறான், வசைமொழிகளையும் ஆபாசத்தையும் கொட்டுகிறான். தன் அழைப்புக்குறியை மட்டும் சொல்வதில்லை. ரிப்பீட்டரைத் திறப்பதற்கென்று குரலோடு சேர்த்தனுப்பும் ஒரு தாழ்ந்த தொனி உண்டு. ஆனால் அத்தொனி எதுவென்று எவரும் அறிந்துகொள்ளலாம். ஆகையால் அதை ஒரு வேலி எனலாமேயன்றிப் பூட்டு எனல் ஆகாது.

இதில் வேதனை தரும் நுட்பம் ஒன்று உண்டு. ரிப்பீட்டர்கள் பெரும்பாலும் பண்பலை முறையில் இயங்குபவை. பண்பலையில் இரு குரல்கள் ஒரே வேளையில் வந்தால் அவை சமமாகக் கலந்து கேட்பதில்லை. வலிய அலை மெலிய அலையை விழுங்கிவிடுகிறது. ஐம்பது வாட் கருவியும் உயர்ந்த ஆண்டெனாவும் உடையவர் இடையூறு செய்பவனை மீறியும் பேசிவிடலாம். கைக்கருவியோடு பள்ளத்தில் நிற்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆக, எவருக்காக அந்நிலையம் எழுப்பப்பட்டதோ அவருடைய வாயே முதலில் அடைபடுகிறது. விளையாட்டுக்குத்தானே செய்கிறான் என்று சிலர் இதை எளிதாகத் தள்ளிவிடுவதை நாம் ஏற்காததன் காரணம் இதுவே.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரம் இவ்வகைத் தொல்லைக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அங்கு ஒருவர், செல்லத்தக்க உரிமம் இல்லாமலே, முன்பதிவு செய்த அரசியல் உரைகளை ரிப்பீட்டர்களில் ஒலிக்கச் செய்தும் பிறர் பேச்சைத் தடுத்தும் வந்தார். எச்சரிக்கை, அபராதம் எதற்கும் அவர் அசையவில்லை. 2006இல் நீதிமன்றம் அவருக்கு 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அந்நாட்டின் தகவல்தொடர்புச் சட்டத்தின் 333ஆம் பிரிவு, உரிமம் பெற்ற வானொலித் தொடர்பில் வேண்டுமென்றே குறுக்கிடுவதைக் குற்றமாக்குகிறது. சட்டம் இருந்தும் வழக்குகள் நத்தை வேகத்தில்தான் நகர்கின்றன. அதனால் அவ்வலைவரிசைகளைக் கண்காணிக்கத் தன்னார்வலரை அமர்த்தும் உடன்பாடு ஒன்றை 2019இல் அரசு ஆணையமும் 1914இல் தோன்றிய அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் என்னும் அமைப்பும் செய்துகொண்டன. ஒரு பொழுதுபோக்குக்கு இத்தனை காவலா என்று நமக்கு வியப்பு எழுகிறது.

நம் முதற்கேள்விக்கு வருவோம். இத்தகையவன் நாடுவது எதனை? புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் இரண்டாம் பகுதியில், இளமையில் தோழரோடு சேர்ந்து பேரிக்காய்களைத் திருடியதை நினைவுகூர்கிறார். அவற்றைவிட நல்ல காய்கள் அவரிடமே இருந்தன. திருடியவற்றைத் தின்றதும் சொற்பமே. பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். ஏன் செய்தோம் என்று பக்கம் பக்கமாகத் தம்மையே வதைத்துக் கேட்டு, தனியாயிருந்தால் அதனைச் செய்திருக்கமாட்டோம் என்னும் இடத்திற்கு அவர் வந்துசேர்கிறார். கொலை, களவுகளை விட்டுவிட்டு இச்சிறு திருட்டுக்கு அவர் இத்தனை இடம் ஒதுக்கியதை இளமையில் நாம் வேடிக்கையாக எண்ணியதுண்டு. ஊதியம் கருதாத தீமையைக் காண அதுவே தக்க சாளரம் என்பது பின்னரே விளங்கிற்று.

வானொலியில் தொல்லை தருபவனோ தனிமையிலேயே இருக்கிறான். அகுஸ்தினாரின் கூற்று அவனுக்குப் பொருந்தாதோ? பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். அவனுடைய தோழர் குழாம் அவனைச் சபித்துக்கொண்டு கேட்டிருப்பவர்களே. அவர்கள் இல்லாத அலைவரிசையில் அவன் ஒருபோதும் பொத்தானை அழுத்துவதில்லை. அவர்களுடைய கோபமே அவனுக்குக் கூலி. தான் இருப்பதை யாரேனும் உணரவேண்டும் என்ற வேட்கை மனிதருக்கு இயல்பானது, நல்லதும்கூட. அதை அடைய உரையாடல் என்னும் நேர்வழி அவனுக்குத் திறந்தே இருந்தது. அழைப்புக்குறியைச் சொல்லி வணக்கம் கூறியிருந்தால் பத்துப் பேர் மறுமொழி தந்திருப்பர். ஆயினும் உரையாடலில் பிறர் நம்மை மறுக்கவும் கூடும். நம் பேச்சு சலிப்பூட்டவும் கூடும். 'கம்யூனியோ எத் புரோகிரெசியோ' என்ற 1971ஆம் ஆண்டுத் திருச்சபை ஏடு, தொடர்பு என்பதன் ஆழ்ந்த பொருள் அன்பில் தன்னையே கொடுப்பது எனக் கற்பிக்கிறது. தன்னைக் கொடுக்காமலே பிறரது செவியை எடுத்துக்கொள்ள முயல்பவனை என்னென்பது!

பெயரை மறைத்தல் எப்போதும் குற்றமாகுமா என்று கேட்கலாம். ஆகாது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வந்து முழந்தாளிடுபவரின் பெயரை நாம் கேட்பதில்லை. அங்கே முகம் திரைக்குப் பின்னால் இருக்கிறது; ஆனால் செய்த செயலைத் தன்னுடையதென்று அவர் ஒப்புக்கொள்கிறார். வானொலியில் மறைந்து வசைபாடுகிறவன் செயலை ஊரறியச் செய்துவிட்டு, அதற்கு உரியவன் எவனும் இல்லை என்றாக்குகிறான். அமெரிக்க விதிப்படி உரையாடலின்போது பத்து நிமிடத்திற்கு ஒருமுறையேனும், முடிவிலும், அழைப்புக்குறியைச் சொல்லியாக வேண்டும். வெறும் அலுவலகச் சடங்காகத் தோன்றும் அவ்விதி, சொன்ன சொல்லுக்கு நானே பொறுப்பு என்று திரும்பத் திரும்பக் கையெழுத்திடுவதற்கு ஒப்பானது.

இனி, கேட்டிருப்பவர்களின் கடமை என்ன? ஹாம் அன்பர்களிடையே வழங்கும் அறிவுரை மிகச் சுருக்கமானது: மறுமொழி தராதே, அவன் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாதே. அனுபவத்தில் பழுத்த அறிவுரைதான். ஆயினும் கிறிஸ்தவ மனச்சான்றை இது சற்று உறுத்துகிறது. உடன்பிறந்தவன் தவறினால் தனியே சென்று எடுத்துரைக்குமாறு மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் பணிக்கவில்லையா? இல்லாதவன்போல் ஒருவனைப் பாவிப்பது அன்பாகுமா?

புனித தோமா இங்கே நமக்குக் கைகொடுக்கிறார். உடன்பிறப்பைத் திருத்துவது அன்பின் செயல் என்று கூறும் அவரே, திருத்த முனைவதால் அவன் இன்னும் கெடுவான் எனில் விட்டுவிடலாம் என்கிறார். ஏனெனில் அத்திருத்தத்தின் நோக்கம் அவனது நலம். நோக்கம் கெட்டால் வழி எதற்கு? ஆனால் பொதுநலனைக் காக்கும் பொறுப்புடையோர் தண்டித்துத் திருத்துவதை அக்காரணத்திற்காகக் கைவிடலாகாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். அலைவரிசையில் அனைவர் காதிலும் விழ அவனோடு வாதாடுவது தனியே சென்று எடுத்துரைப்பதற்கு நேர்மாறான செயல். அது அவனுக்கு மேடை அமைத்துக் கொடுப்பதாகும். எனவே அங்கே காக்கும் மௌனம் நேர்மையானதே. மௌனத்தோடு நின்றுவிடலாமா என்பதே அதற்கடுத்த கேள்வி.

நின்றுவிடவேண்டியதில்லை. மறைந்திருக்கும் ஒலிபரப்பியைத் தேடும் கலையில் ஹாம் அன்பர் தேர்ந்தவர்கள். 'நரி வேட்டை' என்ற பெயரில் அதை விளையாட்டாகவே பயில்கிறார்கள். திசை காட்டும் ஆண்டெனாவோடு இரண்டு மூன்று இடங்களில் நின்று, அலை வரும் திசையை வரைபடத்தில் கோடிட்டால் கோடுகள் சந்திக்கும் இடம் தெரியும். ரிப்பீட்டர் ஒலிபரப்பும் அலையைத் தொடர்ந்தால் மலையுச்சிக்குத்தான் போய்ச் சேருவோம். அவன் அனுப்பும் அலைவரிசையையே தொடரவேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். இவ்வாறு தேடிப் போனவர்கள் சிலவேளை கண்டது என்ன தெரியுமா? காரின் இருக்கை இடுக்கில் சிக்கி, பொத்தான் அழுந்தியபடியே கிடந்த ஒலிவாங்கி! அதன் உரிமையாளர் ஒன்றும் அறியாமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார். அவ்வளவு நேரமும் அவரை எத்தனை பேர் அயோக்கியன் என்று தீர்ப்பிட்டிருப்பார்களோ! அவசரத் தீர்ப்பு பாவம் என்று மறைக்கல்வியில் சொல்லித்தருகிறோம். அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

வேண்டுமென்றே செய்தவனாகவே இருந்தாலும், கோடுகள் சந்தித்த வீட்டின் கதவை முதலில் தட்டுவது அதிகாரியாக இருக்கவேண்டும் என்பதில்லை. அவனை அறிந்த மூத்த அன்பர் ஒருவர், அமைதியாக, தனியாகச் செல்லலாம். ஏதேனில் மரங்களுக்கிடையே ஒளிந்துகொண்ட மனிதனைத் தேடி இறைவன் முதலில் கேட்டது, அவன் எங்கே இருக்கிறான் என்பதைத்தான்; தீர்ப்பு அதன் பின்னரே வந்தது. இவ்வாறு சென்றும் கேளாவிட்டால் இருவர் மூவராகச் செல்லவும், பின்னர்ச் சபையிடம் சொல்லவும் நற்செய்தி வழி வகுக்கிறது. பதிவுகளையும் நாள் நேரக் குறிப்புகளையும் ஆணையத்திடம் ஒப்படைப்பது அதன் பிறகு பழியாகாது.

கடைசியாக, நிலையத்தைக் காத்துவருபவரின் இக்கட்டு. தொல்லை பொறுக்காமல் ரிப்பீட்டரை அணைத்துவிடும் உரிமை அவருக்கு உண்டு. செலவும் அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது. களைகளைப் பறிக்கப்போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடாதீர்கள் என்று உவமையில் வீட்டுத் தலைவர் வேலையாள்களைத் தடுத்ததை அவர் எண்ணிப்பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோம். 2004 டிசம்பர் 26 அன்று கடற்கோள் அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, வேறொரு நோக்கத்திற்காகப் போர்ட் பிளேயர் சென்றிருந்த பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் தம் ஹாம் கருவிகளால் தீவின் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினர். அது சிற்றலைத் தொடர்பு, ரிப்பீட்டர் அன்று. ஆனால் எந்தக் கருவி எந்த நாளில் தேவைப்படும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதற்கு அது போதும். வசை எழும்போது பத்து நிமிடம் அணைத்துவைப்பது விவேகம். ஒருவனைப் பொறுக்கமாட்டாமல் அடியோடு மூடிவிட்டால், பள்ளத்தாக்கிலுள்ள முதியவரின் வாயை அவனுக்குப் பதிலாக நாமே அடைத்ததாகும். நம் கருத்தில், இரவில் எழுந்து பத்தாம் நிமிடம் அதை மீண்டும் இயக்கும் அலுப்பான வேலையே நிலையக் காப்பாளரின் பங்கு.

உரிமம் பறிபோனவனின் நிலை என்ன என்று சிலர் கேட்பர். அவன் இனிப் பேசக்கூடாது. ஆனால் அமெரிக்காவில் ஹாம் அலைவரிசைகளைக் கேட்பதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை. கருவியைத் திறந்தால், முன்பு அவன் பேசவிடாத அந்த முதியவர் மாலையில் மழையைப் பற்றியும் தம் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பது அவனுக்கும் கேட்கும்.