மடித்துக் கட்டிய சாரம்

இலங்கையின் மன்னார்க் கரையில் கடல்தொழில் செய்பவரின் உடை சாரம். மூட்டித் தைத்த அந்தப் பருத்தித் துணியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினால் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கலாம். நனைந்தால் காற்றில் விரைவாகக் காயும். தவறிக் கடலில் விழுந்தால் முடிச்சை அவிழ்த்து உதறிவிட்டு நீந்தலாம். நனைந்த நீளக்காற்சட்டையோ காலைப் பிடித்து இழுக்கும். வாடியில் படுக்கும்போது அதுவே போர்வை, கரையில் உடுப்பு மாற்றும்போது அதுவே மறைப்பு. மேலே ஒரு பழைய நீளக்கைச் சேர்ட், கடல்நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்காக. தலையில் துண்டு, மணலையும் உப்பையும் அள்ளிவரும் சோளகக் காற்றுக்காக. மணலில் புதைந்து படகுத் தட்டில் வழுக்கும் சப்பாத்து பயன்படாது. ஆகவே வெறுங்கால், அல்லது ஒரு சோடி பாட்டாச் செருப்பு. தாழ்வுபாட்டிலும் பேசாலையிலும் பள்ளிமுனையிலும் சிலாவத்துறையிலும் இந்த உடையின் ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் கேட்டால் காரணம் கிடைக்கும். கழுத்துப்பட்டிக்கு அப்படி ஒரு காரணத்தை யாரும் இலகுவில் சொல்லிவிட முடியாது.

கடற்கரையில் இந்த உடையை யாரும் எடைபோடுவதில்லை. அதே உடை வங்கிக்குள்ளும் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குள்ளும் பிரதேச செயலகத்துக்குள்ளும் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்துக்குள்ளும் வரும்போது அறக் கேள்வி பிறக்கிறது. இரவில் கடலுக்குப் போனவர் விடிந்து கரைக்கு வருகிறார். மீனைப் பிரித்து விற்று, வலையைச் சீர்செய்து, அடுத்த பயணத்துக்கு மண்ணெண்ணெய்க்கும் ஐஸுக்கும் ஒழுங்கு செய்து முடிக்கும்போது நண்பகல் நெருங்கிவிடும். வீட்டுக்குப் போய்க் குளித்து, உடுப்பு மாற்றி, மன்னார்ப் பட்டினத்துக்கு வருவதற்குள் கருமபீடம் மூடப்படலாம். ஆகவே உடுத்த உடுப்போடு வருகிறார். அங்கே அவருக்கு நேர்வது பெரும்பாலும் மறுப்பு அல்ல. மேலிருந்து கீழாக ஒரு பார்வை. "நீங்கள்" என்பது "நீர்" ஆகி, சில வேளை "நீ" ஆகவும் இறங்கும் பேச்சு. பின்னால் வந்த நீளக்காற்சட்டைக்காரருக்கு முதலில் நீளும் கை. ஒவ்வொன்றும் முறைப்பாடு எழுதும் அளவுக்குப் பெரியதல்ல. அதனாலேயே இவை வாழ்நாள் முழுவதும் தொடர முடிகிறது.

முதல் பார்வையில் ஒருவரைப் பற்றி ஓர் எண்ணம் எழுவதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. உடையைப் பார்த்துத்தான் மனிதர் தாதியையும் பொலிசையும் துறவியையும் அடையாளம் காண்கிறார்கள். கடல்தொழிலாளி என்று ஒருவரை அடையாளம் காண்பதிலும் தீங்கில்லை. அந்த அடையாளத்தை வைத்து அவருக்கு உரிய நேரத்தையும் மரியாதையையும் குறைத்துக் கொடுக்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. பார்த்தவுடன் எழும் எண்ணத்துக்கு ஒருவர் முழுப் பொறுப்பாளி அல்லர். அதன்படி நடப்பதற்கு அவரே முழுப் பொறுப்பாளி.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது, உடை மரியாதையின் மொழி என்ற வாதம். பெரியவரைக் கண்டால் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுவதும், கோயில் முன்னால் தலைத்துண்டை எடுத்துவிடுவதும் கடலோர மக்களே கடைப்பிடிக்கும் வழக்கங்கள். ஞாயிறு பூசைக்கும் ஆவணி மாத மடு மாதா திருவிழாவுக்கும் அவர்கள் தங்களிடம் உள்ள நல்ல உடையை உடுத்தியே போகிறார்கள். எங்கே எதை உடுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே வேலை உடையோடு வருபவர் இடத்தை அவமதிக்கிறார் என்று கொள்வது பொருந்தாது. அவர் நேரமில்லாமல் வந்திருக்கிறார், அவ்வளவே.

அந்த மரியாதை மொழிக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரில் ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தவும் தோளில் சால்வை போடவும் தடை இருந்தது. பெண்களுக்கு மேற்சட்டை மறுக்கப்பட்டது. இந்தியாவில் தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு 1859இல் அரச பிரகடனம் வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற கட்டுப்பாடு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஒரு பகுதி மக்களைத் தடுத்துவைத்த சமூகம், முழங்காலுக்கு மேலே நிற்கும் துணியைப் பின்னர் தாழ்வின் அடையாளமாகப் பார்த்தது. தானே சுமத்தியதைத் தானே குறையாகக் கண்டது. இன்றைக்கு ஒரு கந்தோரில் மடித்த சாரத்தின் மீது விழும் பார்வையில் இந்தப் பழைய வழக்கத்தின் எச்சம் எவ்வளவு என்று பார்ப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரியாமை அதைச் சாதுவாக்கிவிடாது.

இரண்டாவது வாதம் சுகாதாரம் பற்றியது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. மீன் செதிலும் உப்புநீரும் படிந்த உடை பக்கத்தில் இருப்பவரை வருத்தும். நெரிசலான பஸ்ஸில் கர்ப்பிணி ஒருவருக்கு அந்த வாடை வயிற்றைப் புரட்டலாம். நோயாளர் விடுதியில் ஈர உடை உண்மையிலேயே தீங்கு செய்யலாம். அருகில் இருப்பவருக்கும் உரிமை உண்டு. ஆனால் இந்தக் காரணம் உண்மையானதா, சாக்கா என்பதைச் சோதிக்க முடியும். குளித்து, தோய்த்துக் காய்ந்த சாரம் கட்டி வந்தவருக்கும் அதே பார்வை கிடைக்கிறதென்றால் சுகாதாரம் காரணமல்ல. உண்மையான காரணம் என்றால் அதற்குத் தீர்வும் இருக்கிறது: வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய், காற்றோட்டமுள்ள இடத்தில் ஓர் இருக்கை, "ஐயா, கையைக் கழுவிவிட்டு வாருங்கோ" என்ற நேரான சொல். மழையில் நனைந்து வந்த ஆசிரியரிடம் எப்படிச் சொல்லப்படுமோ, அப்படிச் சொன்னால் போதும்.

உடைதான் பிரச்சினையா என்ற கேள்விக்கு மன்னாரிலேயே ஒரு தெளிவான சோதனைக்களம் இருக்கிறது. மன்னார்த் தீவுக்குத் தெற்கே பெருநிலத்தில் உள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வாடைக் காலத்தில் அங்கே பூநாரைகளும் வடக்கேயிருந்து வரும் ஆயிரக்கணக்கான கரைப்பறவைகளும் இரை தேடும். அவற்றைப் பார்க்கக் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பல பைகள் வைத்துத் தைத்த காற்சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, சேறு ஒட்டிய சப்பாத்து, வெயிலுக்கு நீளக்கைச் சேர்ட். அந்த நீர்ப்பரப்பின் கரையிலேயே நண்டும் இறாலும் பிடிப்பவர்களும் நடமாடுகிறார்கள். இருவர் உடையும் ஒரே வெயிலுக்கும் ஒரே சேற்றுக்கும் விடையாக உருவானவை. இரண்டும் அழகுக்காக உடுத்தப்படவில்லை. ஆனால் பறவை பார்க்க வந்தவர் அதே சேற்றோடு பட்டினத்து உணவகத்துக்குள் நுழைந்தால் அவரை "சேர்" என்று அழைத்துக் கதிரை இழுத்துப் போடுவார்கள். அவருடைய சேறு ஆர்வத்தின் அடையாளமாகிறது. நண்டு பிடிப்பவருடைய சேறு வெறும் அழுக்காகிவிடுகிறது. மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலையின் முப்பது கோபுரங்களில் வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளர் தலைக்கவசத்தோடும் ஒளிரும் மேலங்கியோடும் தேநீர்க்கடைக்கு வந்தாலும் அது வேலை உடைதான். அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஆகவே தீர்ப்பு துணியின் மேல் விழவில்லை. துணிக்குப் பின்னால் இருக்கும் வருமானமும் தொழிலும் பிறப்பும் எடைபோடப்படுகின்றன. உடை அதற்கு வசதியான சாட்சியாக நிறுத்தப்படுகிறது. இதுவே இப்படித் தீர்ப்பிடுவதில் உள்ள முதன்மையான அநீதி. கூடவே ஒரு நன்றியின்மையும் உண்டு. அந்த உடையில் பிடிக்கப்பட்ட மீனைத்தான் பட்டினம் மதியச் சோற்றோடு உண்கிறது.

இந்த அநீதியை வேறு இடங்களில் சட்டமும் அரசும் எதிர்கொண்ட விதம் கவனத்துக்குரியது. 2014 ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் நடந்த ஒரு நூல் வெளியீட்டுக்கு வேட்டியோடு சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் அத்தகைய தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் அது பேசியது பண்பாட்டின் பெயரால். வெள்ளை வேட்டிக்குக் கிடைத்த அந்தக் கௌரவம் கூலிவேலை செய்பவரின் நிற லுங்கிக்குத் தானாக வந்துவிடவில்லை. 2024 பெப்ரவரியில் பெங்களூர் ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில் தலையில் மூட்டையோடு அழுக்கான உடையில் வந்த விவசாயி ஒருவர் பயணச்சீட்டு வைத்திருந்தும் நிறுத்தப்பட்டார். உடன் நின்ற பயணிகள் அவருக்காக வாதாடினார்கள். காணொளி பரவிய பிறகு பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இங்கே பாரம்பரியம் என்ற கவசம் எதுவும் இல்லை, உழைப்பின் அழுக்கு மட்டுமே இருந்தது. அறத்தின் கண்ணில் இரண்டாவது நிகழ்ச்சியே கூடுதல் தெளிவானது. கீழ்நிலை ஊழியர் ஒருவரை நீக்கியதோடு மேலேயிருந்த நிர்வாகத்தின் பொறுப்பு தீர்ந்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

பெண்களின் வேலை உடைக்கு இன்னும் கடுமையான தராசு. எதிர்க்கரையில், தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் கடற்பாசி எடுக்கும்போது சேலைக்கு மேல் டி-சேர்ட் அணிந்து, பாறை கிழிக்காமல் விரல்களைத் துணிப்பட்டையால் சுற்றிக்கொள்கிறார்கள். அதுவும் வேலை கேட்கும் உடைதான். இலங்கையின் வடக்கில் 2009இல் போர் முடிந்த பிறகு கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கியவர்கள் உண்டு. நீளக்காற்சட்டை, கனமான சப்பாத்து, கவச அங்கி இல்லாமல் அந்த நிலத்தில் கால் வைக்க முடியாது. காற்சட்டையும் குட்டையாக வெட்டிய முடியும் விடுதலைப் புலிகளின் "இயக்கத்தில் இருந்தவள்" என்ற ஐயத்தைக் கிளப்பிய காலமும் அதுவே. ஊர் நடமாடும் பாதையில் மிதிவெடி இருக்கக்கூடாது என்பதற்காக உயிரைப் பணயம் வைப்பவளைப் பற்றி, அந்தப் பாதையிலேயே உடைக்காக முணுமுணுப்பது, இந்த வகைத் தீர்ப்புகளில் மிகக் கொடியது.

உடை விதிகள் நிலையானவை என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் இலங்கை அரச அலுவலகங்களில் பெண்கள் சேலையோ கண்டிச் சேலையோதான் உடுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்ப, அது மாற்றப்பட்டது. 2022 பொருளாதார நெருக்கடியில் உடுப்பு விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, அரச ஊழியர் பொருத்தமான எளிய உடையில் வரலாம் என்று இன்னொரு சுற்றறிக்கை சொன்னது. வசதிக்குறைவு அலுவலரைத் தொட்டபோது விதி வளைந்தது. அது சரியான வளைவு. அந்த இரக்கம் கருமபீடத்தின் மறுபக்கத்தில் நிற்பவருக்கும் பொருந்தும், ஏனென்றால் அவருக்கு அந்த நெருக்கடி 2022இல் தொடங்கியதல்ல.

எல்லா உடைத் தீர்ப்பும் தவறு என்று இதிலிருந்து வராது. கடலில் குளித்த உல்லாசப் பயணி நீச்சலுடையோடு பேசாலை வீதியில் நடந்தால் ஊரவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு ஒரு சாரத்தைச் சுற்றிக்கொள்வது ஒரு நிமிட வேலை, அதைத் தடுக்கும் தொழிலோ வறுமையோ இல்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றியே உள்ளே போகிறார்கள். அந்த விதி அமைச்சருக்கும் கூலிக்காரருக்கும் ஒன்றே, அதை நிறைவேற்றக் காசும் வேண்டாம். காசோ நேரமோ செலவழித்தாலன்றி நிறைவேற்ற முடியாத விதிதான் ஏழையை வாசலில் நிறுத்துகிறது. பாடசாலைக் கூட்டத்தில் இது மிகவும் நுட்பமாக வலிக்கும். வேலை உடையோடு வந்த தகப்பனைப் பின் வரிசைக்குக் காட்டும் ஒரு கைச்சைகையை அவருடைய பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை கூட்டத்தைப் பற்றி வீட்டில் சொல்லாமலே விட்டுவிடவும் கூடும். தகப்பன் அவமானத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். தன் தகப்பனைப் பற்றி வெட்கப்படக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு நேர்ந்த இழப்பை எந்தப் பாடசாலையும் ஈடுசெய்ய முடியாது.

அரச நிர்வாகத்தில் நடமாடும் சேவை என்றொரு வழக்கம் உண்டு. அலுவலர்கள் கிராமத்துப் பொது மண்டபத்துக்கு வந்து பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பங்களை அங்கேயே ஏற்கிறார்கள். அங்கே வெளியிலிருந்து வந்தவர்கள் அலுவலர்களே. சாரமும் தலைத்துண்டும் அந்த ஊரின் இயல்பு. அதே படிவம், அதே முத்திரை, அதே ஆள். மண்டபத்தில் உடை தடையாக இல்லாமல் வேலை நடக்குமானால், பட்டினத்துக் கட்டடத்திலும் நடக்க முடியும். அதற்குத் தேவையானது வாசலில் ஒரு குழாயும், கடல்தொழிலாளர் வந்துசேரும் நேரத்துக்குத் திறந்திருக்கும் ஒரு கருமபீடமும், அதன் பின்னால் இருப்பவரின் வாயில் "நீங்கள்" என்ற சொல்லும்.